நூலகத்துக்கு ஒரு மூடை நெல்

எங்கள் ஊர்ப் பொது நூலகம் மூன்று நாட்காட்டிகளுக்கு இடையில் காலம் தள்ளி வருகிறது. ஒன்று அரசாங்கத்தினுடையது, அதில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். மற்றது பிறைக் கணக்கு. அதில் நோன்பும் இரு பெருநாட்களும் மீலாதும் வரும். மூன்றாவது வயலினுடையது. அது எங்கும் அச்சிடப்படுவதில்லை, ஆனால் எங்களுக்கு நாலு காசு வருவது அதிலிருந்துதான். வாசகர் வட்டத்தின் செயலாளராக இருபது வருடங்களுக்கு மேல் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி, இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதாகவே இருந்திருக்கிறது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நூலகம் உள்ளூராட்சிச் சபைக்குச் சொந்தமானது. ஊழியர் சம்பளம், மின்சாரப் பட்டியல், பத்திரிகைக் காசு ஆகியவற்றைச் சபை பார்த்துக்கொள்ளும். ஏதோ கொஞ்சம் புத்தகமும் வாங்கும். சிறுவர் போட்டி, கண்காட்சி, கவியரங்கு, மூத்த எழுத்தாளர் கௌரவிப்பு என்று வந்துவிட்டால் அது வாசகர் வட்டத்தின் பொறுப்பு. வாசகர் வட்டம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் ஆசிரியர்கள், மிச்சம் கவிஞர்கள். காசுள்ளவர் எவருமில்லை.

தேசிய வாசிப்பு மாதம் 2004ஆம் ஆண்டு ஆரம்பமானது. அந்த வருடம் ஒக்டோபர் நடுப்பகுதியில் நோன்பு பிடித்துவிட்டது. 2005இல் முதல் வாரத்திலேயே நோன்பு. 2006இல் மாதத்தின் முக்காற்பங்கும் நோன்பு. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பது வாசகர்கள் அறிந்ததே. பிள்ளைகளே இல்லாமல் பிள்ளைகளுக்கான போட்டியை நடத்துவது எப்படி? தராவீஹ் தொழுகைக்குப் பிறகு பேச்சுப் போட்டி வைத்துப் பார்த்தோம். பேச வேண்டிய பிள்ளைகள் உம்மாமாரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவர்களில் ஒருவரும் தூங்கினார். ஆனாலும் பரிசு வழங்கும் படம் மேலிடத்துக்கு அனுப்பப்பட வேண்டும் அல்லவா? அனுப்பினோம். படத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த மேடைகளில் பேசியவர்கள் அனைவரும், மௌலவியானாலும் சரி, அதிபரானாலும் சரி, அரசியல்வாதியானாலும் சரி, முதல் வஹீயின் முதற் சொல்லான 'இக்ரஃ' என்பதிலேயே பேச்சைத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. பேசிவிட்டு இறங்கிப் போனவர்களில் நூலக அங்கத்தவர் அட்டை வைத்திருந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

காசு சேர்ப்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி நெல். மாரி வேளாண்மை வெட்டு பெப்ரவரி மார்ச்சில் மும்முரமாக நடக்கும். வாடகை லேண்ட்மாஸ்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வயலுக்குப் போவோம். பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் நெல் தண்டுகிறவர்கள் எங்களுக்கு முன்னமே வந்து போயிருப்பார்கள். “இதென்ன மனே, வாசிகசாலைக்கும் நெல்லா?” என்று ஒரு பெரியவர் முதல் வருடம் கேட்டார். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர் அவர். “என்ட பேரன் அங்கதான் போய்ப் போய்ப் படிச்சிக் கெம்பஸுக்கு எடுபட்டான். ஒரு மூடையை ஏத்திக்கிட்டுப் போங்க” என்றார். அவர் மௌத்தாகும் வரைக்கும் அந்த ஒரு மூடை தவறியதே இல்லை. ஏக்கர் கணக்கில் காணி வைத்திருந்தவர்கள் பலர் அடுத்த போகம் பார்ப்போம் என்றார்கள்.

ஸக்காத்தைப் பற்றியும் ஒரு விவாதம் நடந்தது. மழை நீரில் விளைந்தால் பத்திலொன்று, செலவு செய்து நீர் பாய்ச்சினால் இருபதிலொன்று என்ற கணக்கில் வருகின்ற ஸக்காத் நெல்லில் நூலகத்துக்கும் ஒரு பங்கு கேட்கலாமே என்று வட்டத்தில் ஒருவர் சொன்னார். ஊர் மௌலவியிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸக்காத் பெறுவதற்குரியோர் எட்டு வகையினர், நூலகம் அதில் இல்லை, ஏழையின் பங்கை அலுமாரிக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது நியாயமாகவே படுகிறது. ஸதக்கா கேளுங்கள், மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா என்று சொல்லிக் கேளுங்கள், நானும் ஜும்ஆவில் சொல்கிறேன் என்றார். சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இரண்டு மின்விசிறிகளும் ஒரு சுவர்க்கடிகாரமும் வந்தன. இரண்டிலும் கொடுத்தவரின் வாப்பாவின் பெயர் எழுதப்பட்டிருந்தது. புத்தகம் வாங்கித் தருவதாக எவரும் வரவில்லை. புத்தகத்தின் மேல் பெயரை எழுதினால் தூரத்திலிருந்து தெரியாது.

புதிய தமிழ்க் கவிதை நூல்கள் எங்களுக்குக் கிடைத்த வழி வேறு. நூல் வெளியீட்டு விழாவில் ஒரு தனவந்தர் முதற் பிரதியைப் பெறுவார். கடித உறையில் காசைக் கொடுப்பார். படம் எடுத்த பின் நூலைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது அதை நாங்கள் எடுத்து வந்துவிடுவோம். எமது நூலகத்தில் 894.811 என்ற இலக்கத்தின் கீழுள்ள பல நூல்கள் அப்படி வந்த முதற் பிரதிகளே. எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. அதனால் நூலகம் பூட்டியிருந்தது. அது ஒன்றுக்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். பழைய கட்டடம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீழ்த்தட்டுகளில் இருந்தவை உப்புச் சேற்றுடன் கலந்து போயின. மையித்துகளை அடக்கி முடித்து, அகதிகளுக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்து, மூன்றாவது மாதம்தான் நாங்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசவே தொடங்கினோம். அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு.

பிறகு உதவி வந்தது. ஊரின் உட்பக்கமாக இரண்டு மாடியில் புதுக் கட்டடம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள், பனிச்சறுக்கு விளையாட்டுப் பற்றிய படப் புத்தகங்கள், குளிர்காலத்தில் ரோஜாச் செடியைப் பாதுகாக்கும் முறை, வைனோடு சேர்த்துச் சமைக்கும் குறிப்புகள். மனமுவந்து அனுப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவை அத்தனைக்கும் வரவு இலக்கம் போட்டோம், முத்திரை குத்தினோம், பதிவேட்டில் ஏற்றினோம். காரணம், நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. நான் சொல்லப் போகிற காரியத்துக்கு இது முக்கியம்.

2006இல் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த ஆலிம் ஒருவரின் மகள். நாங்கள் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் வாப்பாவின் மரப்பெட்டி ஒன்று இருந்தது. சுனாமி அவர் வீட்டுப் படி வரைக்கும் வந்து திரும்பியிருந்தது. “கடல் மேல்மாடிக்கு வராது தானே தம்பி. இத வாப்பாட நினைவா லைப்ரரிக்கு எடுங்க” என்றார்.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் அரபுத்தமிழ்க் கிதாபுகள். தமிழை அரபு எழுத்தில் எழுதி எங்கள் மூத்தம்மாமார் ஓதிப் படித்த அந்த வகை. 'பத்ஹுத் தய்யான்' இருந்தது எனக்கு நினைவிருக்கிறது, அட்டை கழன்ற நிலையில். மாலைகள், மவ்லிதுகள் இருந்தன. ஆலிம் தன் கைப்பட எழுதிய ஐந்தாறு கொப்பிகளும் இருந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்கு அந்த எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் ஓடவில்லை. ட, ப, ங போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்காக மேலும் கீழும் புள்ளி சேர்த்து உண்டாக்கிய எழுத்துகளில் தட்டுப்பட்டு நின்றுவிடுவேன். வாசகர் வட்டத்தின் கடிதத் தலைப்பில் நன்றிக் கடிதம் எழுதி ராத்தாவிடம் கொடுத்தேன். பத்திரிகைக்குச் செய்தியும் அனுப்பினேன். வந்தது.

பெட்டி மேல்மாடிக் களஞ்சிய அறைக்குப் போனது. அதற்கு வரவு இலக்கம் போடப்படவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பதிவேட்டில் ஏற்ற நூலின் தலைப்பு வேண்டும், ஆசிரியர் பெயர் வேண்டும். அதை வாசிக்க ஆளில்லை. இஸ்லாத்துக்குரிய 297இல் வைப்பதா, தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811இல் வைப்பதா என்று ஒருநாள் கதைத்தோம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து பிறகு செய்யலாம் என்று முடிவாயிற்று. பனிச்சறுக்குப் புத்தகத்துக்கு இலக்கம் இருந்தது. ஆலிமின் பெட்டிக்கு இல்லை.

2013. அந்த வருடம் ஒக்டோபரில் நோன்பு இல்லை, பாடசாலைகள் திறந்திருந்தன. பெரிதாகச் செய்து காட்டுவோம் என்று நான்தான் வட்டத்தில் வீறாப்பாகப் பேசினேன். அந்தப் போகத்து நெற்காசு வேறு செலவில் முடிந்துபோயிருந்தது. பழைய தாள் சேகரித்து விற்கலாம் என்ற யோசனையும் என்னுடையதே. மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகைகளும் பழைய கொப்பிகளும் கொண்டு வந்து குவித்தார்கள். களஞ்சிய அறையையும் கணினிப் பிரிவுக்காக ஒழிக்கச் சொல்லியிருந்தார்கள். இலக்கமுள்ள நூல் ஒன்றைக் கழிப்பதென்றால் பட்டியல் போட வேண்டும், சபையின் அனுமதி வேண்டும், கையொப்பங்கள் வேண்டும். இலக்கமில்லாததற்கு ஒன்றும் வேண்டியதில்லை. மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள்: “சேர், அந்த மூலையில இரிக்கிறதும் போடவா?” நான் கீழே பதாகைக்காரருடன் எழுத்தின் அளவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். இலக்கம் இல்லாட்டி போடுங்க மகன் என்றேன். ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

தாள் வியாபாரியின் லொறி மறுநாளே வந்தது. எல்லாமாக 5,000 ரூபாவுக்குக் கொஞ்சம் கூட. அந்தக் காசில் ஒரு பதாகையும், நூலகத்தின் பெயர் அச்சிட்ட கோப்பைகளும் வாங்கினோம். அந்த வருடத்து விழா எங்கள் நூலகம் நடத்தியவற்றில் மிகச் சிறப்பானது. நான் மேடையில் நன்றியுரை ஆற்றினேன்.

மூன்று வருடம் எனக்குத் தெரியாது. 2016இல் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி, பழைய பத்திரிகைச் செய்தியின் போட்டோக் கொப்பியுடன் வந்தார். நான் அனுப்பிய அதே செய்தி. ஆலிமின் கையெழுத்துக் கொப்பிகளை ஆய்வுக்குப் பார்க்க வேண்டும் என்றார். மேல்மாடிக்கு ஏறினேன். கணினிகள் வரிசையாக இருந்தன. மூலையில் வெறும் மரப்பெட்டி, அதற்குள் மின்கம்பிச் சுருள். பெட்டியை மட்டும் அந்தப் பிள்ளைகள் விற்கவில்லை. அது தாள் இல்லையே.

தாள் வியாபாரியிடம் போனேன். மூன்று வருடத்துக்கு முந்திய தாளை எங்கே தேடுவது என்று அவர் சிரித்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைப் பற்றியும் அங்கு அழிந்த 97,000 நூல்களைப் பற்றியும் நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஓலைச்சுவடிகள் என்று சொல்லும்போது குரலை உயர்த்துவேன். அதற்குப் பிறகு அப்படிப் பேச எனக்கு வரவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தது பத்துக் கிலோ தேறும். அன்றைய விலையில் 200 ரூபா.

ராத்தாவிடம் சொல்லவில்லை. வீதியில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு விலகி நடந்தேன். இன்னும் மூன்று வருடங்கள் அப்படியே போயின.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்கள் எப்படி இருந்தன என்பதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. எங்கள் தெருவில் அரபு எழுத்துள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கப் பயந்தார்கள். சிலர் கிணற்றில் போட்டார்கள், சிலர் வளவில் புதைத்தார்கள். ஒரு தாள் அரபியா, அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழா என்று சோதனைக்கு வருகிற சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரிவதில்லையே. எங்கள் வட்டத்துக் கவிஞர் ஒருவர் தன் மூத்தம்மாவின் மாலைக் கிதாபை அடுப்பில் வைத்தார். அதை என்னிடம் சொன்னபோது அழுதார்.

அந்த நாட்களில் ஒரு மஃரிபுக்குப் பிறகு ராத்தா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“தம்பி, லைப்ரரியையும் சோதிப்பாங்களாமே. வாப்பாட கிதாபுகளால உங்களுக்கு ஒரு கரைச்சலும் வரப்படாது. ராவோட ராவா எடுத்துத் தாங்க. நான் எங்கயாலும் ஒளிச்சி வெக்கிறன்.”

ஒளித்து வைக்க ஒன்றுமில்லை ராத்தா என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதாகையின் எழுத்தளவு பற்றிக் கதைத்ததையும் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “எத்தினைக்கி வித்தீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

நான் செயலாளர் பதவியை விட்டுவிட எண்ணினேன். விடவில்லை, விட்டால் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. எங்கள் ஊரவர் எழுதியவை, ஊரைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாவற்றுக்கும் ஒரு தனி அலுமாரி கேட்டோம். நூலகர் நல்லவர், ஒதுக்கித் தந்தார். அன்பளிப்பாக எது வந்தாலும் அன்றே இலக்கம் போட வேண்டும், தலைப்புத் தெரியாவிட்டால் 'தலைப்பு வாசிக்கப்படவில்லை' என்று எழுதியாவது போட வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தோம். என். செல்வராஜாவின் நூல்தேட்டம் தொகுதிகளைப் புரட்டி, எங்கள் ஊரவர் எழுதியவற்றில் எங்களிடம் இல்லாதவற்றைக் குறித்தோம். பட்டியல் நீளமாக வந்தது. 'ஒரு வீட்டுக்கு ஒரு நூல்' என்று சொல்லிப் பிரதிகளைத் தேடி அலைந்தோம். எழுதியவரின் வீட்டிலேயே பிரதி இல்லாத நூல்கள் பல. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்தில் சில கிடைத்தன. எங்கள் ஊர்ச் சஞ்சிகையின் இதழ்களை நாங்களே அதில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் நெல்லும் வற்றியது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அடுத்து வந்த மாரியில் விளைச்சல் விழுந்தது. 2022 வெட்டின்போது பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக எங்களுக்கே மனம் வரவில்லை. தாள் விலையும் ஏறி, நூலகத்துக்கு வந்த பத்திரிகைகளும் குறைந்தன.

2025இல் எங்கள் நாட்காட்டிகளில் இரண்டு ஒத்துப்போயின. மார்ச் தொடக்கத்தில் நோன்பு வந்தது. வேளாண்மை வெட்டும் அதே நேரம். கொடுக்கிற மாதமும் கையில் நெல் இருக்கிற மாதமும் ஒன்றானது. இம்முறை நாங்கள் விழாவுக்கென்று கேட்கவில்லை. ஊரிலுள்ள பழைய கிதாபுகளையும் கடிதங்களையும் படமெடுத்து வைக்க ஒரு கமராவும் தாங்கியும் வேண்டும் என்று கேட்டோம். பெருவிரல் வைத்த அந்தப் பெரியவரின் பேரன், இப்போது பொறியியலாளர், வெளிநாட்டிலிருந்து பேசி வாப்பிச்சாவின் பெயரில் பத்து மூடைக்குக் காசு அனுப்பினார். பெயரை எங்கே எழுதுவது என்று கேட்டேன். எழுத வேண்டாம் என்றார்.

கமரா வந்த மறுநாள் ராத்தா ஆளனுப்பினார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. போனேன். மேசையில் ஒரு வெள்ளைச் சீலைப் பொட்டலம். வாப்பாவின் கொப்பிகளில் ஒன்றை மட்டும் 2006இல் எனக்குத் தராமல், ஓதுவதற்காகத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார். 2019இல் அதை அரிசிப் பீப்பாவின் அடியில் வைத்திருந்திருக்கிறார். அட்டையின் மடிப்பில் இன்னும் குறுணை ஒட்டியிருந்தது.

“லைப்ரரிக்குத் தர மாட்டன்” என்றார். “இங்கயே வெச்சிப் படமெடுங்க. நீங்க தொட வேணாம், நான் புரட்டுறன்.”

தாங்கியை அவர் வீட்டு மண்டபத்தில் நிறுத்தினேன். உதவிக்கு வந்த மாணவி விளக்கைப் பிடித்தார். ராத்தா ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, சேதமில்லாமல் விரலால் தடவிவிட்டு, கமரா எடுப்பதற்கு முன் அதை ஒரு தடவை வாசித்தார். அவர் வாசித்தபோதுதான் அது முழுக்கத் தமிழ் என்பது என் காதுக்கு எட்டியது. எங்கள் தெருவில் பேசுகிற அதே தமிழ். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மரைக்கால் அரிசி போனது, எந்த வருடம் வெள்ளம் பள்ளிவாசல் படியைத் தொட்டது, கொலரா வந்து யார் யார் மௌத்தானார்கள் என்று ஆலிம் எழுதி வைத்திருந்தார். மாணவி விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் கொப்பியில் எழுதத் தொடங்கினார். படமெடுப்பது தாமதமாகியது.

வாங்குச் சொல்லக் கால்மணி நேரம் இருக்கையில் ராத்தா கொப்பியை மூடினார். 46 பக்கங்கள் முடிந்திருந்தன. நோன்பு திறந்துவிட்டுப் போகச் சொல்லிக் கஞ்சி தந்தார். மிச்சத்துக்குப் பெருநாள் கழித்து வரச் சொன்னார். வரும்போது பதிவேட்டையும் கொண்டு வர வேண்டும், இலக்கம் எழுதுவதைத் தான் பார்க்க வேண்டும் என்றார்.